துக்க வீட்டில் சிரித்தது தவறா?

காவிரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அப்பா காலமாகி இன்றோடு 22 நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டில் நடந்த ஒன்று மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. துக்கம் கண்டவர்கள் இந்த மன்றத்தில் பலர் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்திற்குப் பக்கம். அப்பா 46 ஆண்டுகள் தையற்காரராக இருந்தவர். கைத்திறனில் குறை சொல்ல ஆள் கிடையாது. சொன்ன தேதியில் துணி கொடுத்தார் என்று சொல்லவும் ஆள் கிடையாது. "நாளைக்குக் காலையில வாங்க, காஜா மட்டுந்தான் பாக்கி" என்ற ஒரே வாக்கியத்தை நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தேன். கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது மருத்துவர் அவரிடம் ஒளிக்காமல், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா சற்று யோசித்துவிட்டு, "டாக்டர், நானும் தேதி சொல்லித் தொழில் பண்றவன்தான். சொல்ற தேதி ஒண்ணு, முடியற தேதி ஒண்ணு. உங்க தேதியும் அப்படித்தானே?" என்று கேட்டார். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்பா ஏழு மாதம் இருந்தார்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். அம்மா அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தார். அடுத்த தெருவிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த ஓர் அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு, "நாளைக்கு நாளைக்குன்னு ஆயிரம் தடவை சொன்ன மகராசன், இப்பச் சொல்லாமலே போயிட்டாரே" என்று அழுதார். அழுகை ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, தாழ்ந்த குரலில், "தீபாவளிக்குக் குடுத்த ரவிக்கைத் துணி ரெண்டு உள்ள இருக்கு தாயி. எந்தத் தீபாவளின்னுதான் ஞாபகம் இல்லை" என்றார்.

முதலில் என் சின்ன மாமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் கூடமே சிரித்தது. அம்மாவும் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே உடைந்து, மூன்று நாளாக அடைத்துக் கிடந்ததெல்லாம் வெளியே வரும்படி அழுதார்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "என் தம்பி சாம்பல் இன்னும் ஆறலை. அதுக்குள்ள உங்களுக்குச் சிரிப்பா?" என்று கேட்டுவிட்டுத் திண்ணைக்குப் போனவர், இரவுவரை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரியம் முடிந்த அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார். நாங்கள் செய்தது அப்பாவுக்கு அவமரியாதையா?

வைகைவாசி

நண்பரே, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆயினும் நான் உங்கள் அத்தையின் பக்கம் நின்றுதான் பேசுவேன்.

தம்பி இறந்தால் அக்காவுக்கு என்ன போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோர் போன பிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது உடன்பிறந்தவன் இருக்கும் வீடுதான். அவன் போனால் ஆடிக்கும் பொங்கலுக்கும் சீர் வருவது நிற்கும் என்பது சிறிய செய்தி. கேட்காமலே உள்ளே நுழைந்து அடுப்படிவரை போகும் உரிமை நின்றுவிடுகிறதே, அதுதான் பெரிது. மதுரைப் பக்கத்துக் கேத வீடுகளில் உடன்பிறந்தவனை இழந்த பெண்கள் வைக்கும் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். அதில் செத்தவனைப் பற்றிய வரிகளைவிட, இனி மூடிக்கொள்ளப் போகும் வாசலைப் பற்றிய வரிகளே மிகுதி.

இன்னொன்றும் உண்டு. நம் குடும்பங்களில் கேலி பேசும் உரிமை எல்லாருக்கும் பொதுவானது கிடையாது. மாமன் மைத்துனருக்கு உண்டு, கொழுந்திக்கு உண்டு, பேரன் பேத்திக்கு உண்டு. நூறை நெருங்கிய கிழவர் போனால் கல்யாணச்சாவு என்று தாரை தப்பட்டை வைத்து, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து, மைத்துனர்கள் பாடைக்கு முன்னால் ஆடுவதையும் நான் பார்த்திருக்கிறேன், ஆடியும் இருக்கிறேன். அங்கேகூட அக்கா தங்கை ஆடுவதில்லை. உங்கள் வீட்டில் முதலில் சிரித்தது சின்ன மாமா, அதாவது அப்பாவுக்கு மைத்துனர். அவருக்கு முறை இருந்தது. அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள உங்கள் அத்தைக்கு வழியே இல்லை. ஒரு கூடத்தில் எல்லாரும் சிரிக்க ஒருவர் மட்டும் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைவிடத் தனிமை உண்டா? உங்கள் கேள்வியில் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார். அத்தையின் அந்தத் தனிமையை நீங்கள் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று படுகிறது.

ஓய்வுபெற்ற செவிலி

தம்பி, நான் வலி தணிப்புப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவள். உங்கள் அப்பா மருத்துவரிடம் கேட்ட கேள்வியைப் படித்தபோது ஒன்று தோன்றியது: அன்றைக்கு அவருக்கு வலி அடங்கியிருந்திருக்கிறது.

சாவை எதிரே வைத்துக்கொண்டு சிரிப்பவர்களைப் பற்றிப் பேசும்போது, அது ஏதோ மனத்திண்மையால் மட்டும் வருவது போல எழுதுகிறார்கள். வலி முதுகைப் பிளக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. 1967இல் லண்டனின் தென்பகுதியில் இறுதிநிலை நோயாளிகளுக்கான செயிண்ட் கிறிஸ்டோபர் விடுதியைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல் வலி, மன வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, இது ஏன் எனக்கு என்ற கேள்வி ஆகிய எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று சொன்னார். மார்ஃபின் என்னும் அபின் வழி வலி மருந்தை வலி வந்த பிறகு கெஞ்ச வைத்துக் கொடுக்காமல், வருமுன்னே நேரம் தவறாமல் கொடுக்கச் செய்தார். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின் உரிமத்திற்கு மேல் உரிமம் கேட்கப்பட்டு, புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிப் போனது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தினரைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. எத்தனை பேர் தங்கள் கடைசி நகைச்சுவையைச் சொல்லாமலே போயிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். வயல் வேலை பார்த்தவர். வாயில் புற்றுநோய், பேச்சு போய்விட்டது, எழுதவும் தெரியாது. மருந்து பிடித்து வலி அடங்கிய நாலாம் நாள், சுட்டுவிரலையும் நடுவிரலையும் கால்களாக்கிப் போர்வையின் மேல் நடக்க விட்டார். முதலில் பெரிய மருத்துவர்: விடுவிடுவென்று வந்து, ஒரு நொடி நின்று, விடுவிடுவென்று போனார். அடுத்தது பயிற்சி மருத்துவர்: வாசல்வரை போய், எதையோ மறந்து, திரும்பி வந்து, மறுபடி மறந்து போனார். அடுத்தது நான், எனக்கு வலது முழங்காலில் வாதம், இரண்டு விரல்களில் ஒன்றை அவர் சரியாக இழுத்து இழுத்து நடத்தினார். வார்டே சிரித்தது. பெரிய மருத்துவர் கேள்விப்பட்டு வந்து, என்னைப் போல நடந்து காட்டுங்கள் என்று கேட்டு, பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அந்தக் கட்டிலருகே மட்டும் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்.

கடைசி நாள் மாலையில் பாட்டியின் விரல்கள் மெல்ல மெல்லக் கட்டிலின் விளிம்புவரை நடந்து போய் நின்றன. அவர் என்னைப் பார்த்தார். அது யாருடைய நடை என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதல் சிரிப்பு நோயாளியிடமிருந்து வர வேண்டும், நாம் பின்னால் போகலாம். உங்கள் வீட்டுச் சிரிப்பை ஏழு மாதம் முன்பே உங்கள் அப்பா தொடங்கி வைத்துவிட்டார், தம்பி.

ஓலைச்சுவடி

வைகைவாசி ஐயா சொன்ன முறை பற்றிய கருத்து சரியானது. ஆனால் அழுகையும் சிரிப்பும் ஒரே கூடத்தில் இருக்கக் கூடாதவை என்று அதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வரிசைப்படுத்தும்போது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. இழவு என்றால் இழத்தல். இன்றும் சாவு வீட்டை இழவு வீடு என்கிறோம். ரவிக்கைத் துணியைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாளின் பேச்சில் எள்ளல் துளியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் உண்மையாகவே அழுதார், உண்மையாகவே துணியைக் கேட்டார். அது பேதைமையில் பிறந்த நகை. இறந்தவரை எள்ளி நகைத்திருந்தால் அத்தையின் கோபத்திற்கு நானும் துணை நின்றிருப்பேன்.

புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் இரண்டு வீடுகளைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை முழங்குகிறது, இன்னொரு வீட்டில் மண முழவு ததும்புகிறது. ஒருத்தி பூ அணிகிறாள், ஒருத்தி கண்ணீர் உகுக்கிறாள். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று அவனையே திட்டிவிட்டு, இந்த உலகம் துன்பமானது, இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காண்பார்களாக என்று முடிக்கிறார். துன்பத்தை அவர் ஒரு சொல்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. அதை முழுதாக ஒப்புக்கொண்ட வாயாலேயே 'இனிய காண்க' என்கிறார். அந்தப் புலவர் இரண்டு வீடுகளில் கண்டதை உங்கள் அம்மா ஒரே கூடத்தில், ஒரே மூச்சில் அனுபவித்தார்.

செய்யாற்றான்

எங்கள் பக்கத்தில் கருமாதிக்குக் கூத்து வைப்பது வழக்கம். சிரிப்புக்கென்றே ஓர் ஆளை அழைத்து வந்து, சாவு வீட்டு வாசலில் விடிய விடிய நிறுத்தி வைக்கிற மக்கள் நாங்கள். ஆதலால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கருமாதிக்கு முந்தின இரவு நடப்பது பெரும்பாலும் கர்ண மோட்சம். கர்ணன் மோட்சம் அடைந்ததுபோல வீட்டுப் பெரியவரும் அடைய வேண்டும் என்பது நம்பிக்கை. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். பிறப்பு தெரியாதவன் என்று அவனை அதுவரை ஒதுக்கிவந்தவள் அவள். களத்தில் அம்பு தைத்துக் கிடப்பவனிடம் கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து, செய்த தருமம் அத்தனையையும் தானமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கும் கூத்து இது. அதன் நடுவே கட்டியக்காரன் இருக்கிறான். திரைக்குள் நிற்கும் ராஜாவை, வெளியே வாருங்கள், திரைக்கு வாடகை கேட்கிறார்கள் ஐயா என்று கூப்பிடுவது, அவர் பாடிய அடியை அர்த்தம் மாற்றித் திருப்பிச் சொல்வது, உட்கார்ந்திருக்கும் சம்பந்தியைக் காட்டிக் கதைக்குள் இழுத்துவிடுவது எல்லாம் அவன் வேலை.

என் தாத்தாவின் கருமாதியில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா கடன் கொடுத்தால் திருப்பிக் கேட்க மாட்டார். கேட்க வெட்கப்பட்டு, கடன் வாங்கியவர் தெருவில் வந்தால் இவர் சந்துக்குள் ஒளிந்துகொள்வார். இதை யாரோ கட்டியக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். நடுநிசியில் கர்ணனின் கொடையைப் புகழ்ந்து ராஜா பாடி முடித்ததும் அவர், "உங்களுக்குத் தருமம் பண்ணத்தான் தெரியும். கடன் கொடுத்துட்டு ஒளியத் தெரியுமா? இந்த வீட்டுக்காரர்கிட்ட வந்து கத்துக்கோங்க" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தாத்தாவிடம் கடன் வாங்கியவர்கள். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விடியற்காலையில் கர்ணன் விழுந்தபோது அதே முந்தானை கண்ணுக்குப் போனது.

அந்தச் சிரிப்பு இல்லாமல் நாங்கள் அந்த அழுகைவரை விழித்திருந்திருக்க மாட்டோம். முகவீணையும் மத்தளமும் விடியும்வரை தாக்குப்பிடித்துவிடும், சனங்களால் முடியாது. இரவு முழுவதும் துக்கத்தைத் தாங்குவதற்கு உடம்புக்கு இளைப்பாறல் வேண்டும் என்பதை எங்கள் முன்னோர்கள் அறிந்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

மகனை இழந்தவள்

எல்லாரும் வயதானவர்களின் சாவைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகன் 19 வயதில் சாலை விபத்தில் போனான். பத்தாம் நாள் ஓர் உறவினர், எவ்வளவு நேரம்தான் இப்படி இருப்பீர்கள் என்று சொல்லி ஒரு வேடிக்கைக் கதையை ஆரம்பித்தார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. கர்ண மோட்சமும் நெய்ப்பந்தமும் வாழ்ந்து முடித்தவர்களுக்கு.

ஆனாலும் இதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அதே நாளில் அவனுடைய கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் வந்தார்கள். எனக்குப் பிடிக்குமே என்று அவன் விடுதியில் ஒரு முறை ரசம் வைக்க முயன்று, புளிக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தைக் கரைத்த கதையைச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓராண்டாக எனக்குத் தெரிந்தவை எல்லாம் அவன் செத்த கதைகள். அவன் உயிரோடு செய்த, எனக்குத் தெரியாத ஒரு காரியம் அன்றுதான் எனக்குக் கிடைத்தது. அந்த உறவினரின் கதையில் என் பிள்ளை இல்லை. இவர்கள் கதையில் இருந்தான்.

வடமராட்சியான்

அம்மா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் இரவில் பிணத்தைத் தனியே விடுவதில்லை என்பதால், முற்றத்துப் பந்தலின் கீழ் ஆண்கள் விடியும்வரை கடுதாசி, அதாவது சீட்டு, விளையாடுவார்கள். முந்நூற்றி நாலு ஆட்டம்தான். உள்ளே பெண்களின் ஒப்பாரி, வெளியே துரும்பு மறைத்தவனைப் பிடித்த சத்தம், நடுவில் தேத்தண்ணீர். இறந்தவரும் நேற்றுவரை அதே கூட்டத்தில் கைபிடித்து விளையாடியவராக இருப்பார்; "அவன் இருந்தால் இந்தக் கையை விட்டிருக்க மாட்டான்" என்று யாராவது சொல்வார்கள். ஈமச் சடங்கில் சுண்ணம் இடித்துப் பாடும்போது அதே ஆண்கள்தான் முன்வரிசையில் நின்று கண் கலங்குவார்கள்.

இப்போது நான் டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே பூதவுடலை மண்டபத்தில் பார்வைக்கு வைப்பது மாலையில் நாலு மணித்தியாலம். வரிசையில் போய், கை கொடுத்து, கார் நிறுத்துமிடத்திற்குத் திரும்பிவிடுகிறோம். அழுகைக்கு அந்த நேரம் போதும் என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவரைப் பற்றிய வேடிக்கைகள் ஞாபகத்திற்கு வர ஓர் இரவு வேண்டும். சென்ற மாசியில் என் ஒன்றுவிட்ட அண்ணனின் செத்தவீடு முடிந்தபின் நாங்கள் ஆறு பேர் பனியில் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். யாருக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை, உட்கார்ந்து கதைக்க ஒரு பந்தலும் இல்லை.

வைகைவாசி

செய்யாற்றானின் பாட்டியையும் அந்தத் தாயின் பதிவையும் படித்தபின், சிரிப்பே தவறு என்ற தொனியில் நான் எழுதியிருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். அத்தையைப் பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை. காவிரிக்கரையான், தொலைபேசியில் பேசாதீர்கள். நேரில் போய் வாருங்கள்.

காவிரிக்கரையான்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாட்டியின் விரல்கள் நடந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

நேற்று அத்தை வீட்டுக்குப் போய் வந்தேன். கடையைச் சுத்தம் செய்தபோது, தைக்காமல் கிடந்த துணிகள் 14 கிடைத்திருந்தன. ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டை வெட்டிப் பில் புத்தகத்தின் தாளில் ஊசி குத்தி வைப்பது அப்பாவின் பழக்கம். அந்தப் புத்தகத்தில் ஒரு தாளில் பெயரோ தேதியோ தொகையோ இல்லாமல் 'அக்கா' என்று மட்டும் எழுதியிருந்தது. மாம்பழ மஞ்சள் நிறத்தில் ரவிக்கைத் துணி. வெட்டி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கைப்பகுதியை மட்டும் தைத்து வைத்திருந்தார்.

அத்தை கதவைத் திறந்து, வா என்று மட்டும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்க்கவில்லை அத்தை என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. துணியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் விரித்து, சாக்குக் கோட்டின் மேல் விரல் படாமல் கோட்டை ஒட்டியே விரலை ஓட்டிக்கொண்டு போனார். "இந்தக் கோடு அவன் போட்டதா, கடைப் பையன் போட்டதா?" என்று கேட்டார். அப்பா போட்டதுதான் என்றேன். "எப்பக் குடுத்தேன் தெரியுமா? உன் கல்யாணத்துக்குக் கட்டிக்கிறதுக்கு" என்றார். எனக்குக் கல்யாணமாகி 12 ஆண்டு ஆகிறது.

அத்தை சிரிக்கவில்லை. ஆனால் என்னைச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, அதை யாரிடமாவது கொடுத்துத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, கோடு அழியாதபடி உட்பக்கமாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வருஷ திவசத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

மற்ற 13 துணிகளில் பத்துக்கு உரியவர்களைத் தேடிக் கொடுத்துவிட்டோம். தீபாவளித் துணி இரண்டும் அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தன. மூன்று மட்டும் நிற்கின்றன: ஒரு பச்சைப் பூப்போட்ட பருத்தித் துணி, ஒரு பள்ளிச் சீருடைக் கால்சட்டை, ஒரு வெள்ளைச் சட்டைத் துணி. சீருடை போட வேண்டிய பையன் இந்நேரம் வேலைக்குப் போயிருப்பான். அம்மா அதையும் தேடிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.